நெட்டூரணிப் பள்ளிக்கு மாமன் சீர்

நெட்டூரணி ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் முழு ஆண்டுத் தேர்வு எழுதுவது கட்டடம். பிள்ளைகள் எட்டாம் வகுப்பு முடித்தால் போய்விடுவார்கள். ஆசிரியர்கள் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். மானியத்தை வாங்கிக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருப்பது கட்டடம்தான். வாங்குகிற ஆள்தானே பதில் சொல்ல வேண்டும் என்று அரசாங்கம் நினைத்தது. நெட்டூரணிக்காரர்களும் அதில் தப்பு ஒன்றும் காணவில்லை.

தேர்வு நடக்கும் முறை எளிது. சித்திரை மாதம் வினாத்தாளைத் தெற்குச் சுவரில் ஒட்டுவார்கள். கட்டடம் யோசிக்கும். மறுநாள் காலையில் சுண்ணாம்புப் பூச்சின் மேல் ஓதம் படர்ந்து விடைகள் தெரியும். கண்காணிப்பு வேலை பிள்ளைகளுடையது. அவர்களைப்போல ஈவிரக்கம் இல்லாத கண்காணிப்பாளர்களை எங்கேயும் பார்க்க முடியாது. கட்டடம் கொஞ்சம் சாய்ந்து பக்கத்து ரேஷன் கடையைப் பார்த்தால் போதும், "டீச்சர், காப்பி அடிக்குது!" என்று கத்திவிடுவார்கள். ஒரு வருஷம் அப்படிப் பார்த்து எழுதப்போய், இந்தியாவின் தலைநகரம் பாமாயில் என்று எழுதி மாட்டிக்கொண்டது.

தலைமையாசிரியை சுயம்புக்கனி டீச்சர் நாலு மணிக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, வராண்டாத் தூணில் சாய்ந்துகொண்டு கட்டடத்துக்குத் தனியாகப் பாடம் எடுப்பார். தமிழில் அது கெட்டி. மனப்பாடச் செய்யுளை ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதும். அறிவியலும் பரவாயில்லை. கணக்குதான் உதைக்கும். அதற்கு மூன்று வகுப்பறை, அதனால் மூன்று வரைக்கும் எண்ணும். அதற்கு மேல் போனால் "வராண்டா" என்று எழுதிவிடும். இரண்டும் இரண்டும் வராண்டா. ஏழெட்டு வராண்டா. ஒரு கூடை மாம்பழத்தைப் பத்துப் பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு ஒரு வராண்டா. டீச்சர் தலையில் அடித்துக்கொள்வார். பிறகு தூணைத் தடவிக் கொடுத்து, "செரி, நாளைக்குப் பாப்போம்" என்பார்.

அதன்மேல் மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. எழுத வேண்டுமென்றால் வெள்ளையடித்த சுவர் வேண்டும். வெள்ளையடிக்க மானியம் வேண்டும். மானியம் வர மதிப்பெண் வேண்டும். மதிப்பெண் வாங்க எழுத வேண்டும். நெட்டூரணிப் பள்ளியின் தெற்குச் சுவரில் காறை உதிர்ந்து செங்கல் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. இந்த வருஷம் தெரிந்த விடைகளைக்கூட எழுத இடமில்லாமல், பாதிச் செய்யுளைக் கழிப்பறைச் சுவரில் எழுதி வைத்திருந்தது. கழிப்பறைச் சுவரில் எழுதியதைத் திருத்தக் கூடாது என்று விதி.

முடிவு வந்தபின் வட்டாரக் கல்வி அலுவலர் தங்கப்பழம் தம் மொபெட்டில் வந்து இறங்கினார். நல்ல மனிதர். யாருக்குக் கெட்ட செய்தி கொண்டுவந்தாலும் முதலில் மோர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் சொல்வார். அன்றைக்கு இரண்டு டம்ளர் குடித்தார். டீச்சருக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது.

"மேல இருந்து வந்துட்டு டீச்சர். இணைப்பு. பள்ளிக்கூடம் தொறக்கதுக்கு முன்ன இது எந்திரிச்சுப் போயி பனையடைப்பு மேல்நிலைப் பள்ளிகூடச் சேந்துக்கிடணும்."

"பிள்ளைக சார்?"

"பிள்ளைகளும் அங்கதான்."

பனையடைப்பு ஒன்றும் கண்காணாத இடமில்லை. கொடிக்கம்பத்தின் அடியில் நின்றாலே அந்த ஊர் மேல்நிலைப் பள்ளியின் மாடி தெரியும். ஆனால் நடுவில் நான்குவழிச் சாலை கிடந்தது. கரி லாரிகளும், காற்றாலை இறக்கைகளை ஏற்றிக்கொண்டு வரும் நீள வண்டிகளும் அதில் இரவு பகல் பார்க்காமல் ஓடின. போன கார்த்திகையில் ஆடு ஓட்டிக்கொண்டு கடக்கப்போன ஒருவர் ஆட்டோடு போய்விட்டார். இணைப்புச் செய்தி பரவிய அன்றே தாய்மார்கள் பள்ளி வாசலுக்கு வந்துவிட்டார்கள். "அந்த ரோட்டத் தாண்டித்தான் படிக்கணும்னா எம்புள்ளைக படிச்சது போதும் டீச்சர்" என்றாள் ஒருத்தி. மற்றவர்களும் அதையேதான் நினைத்திருந்தார்கள். முதலில் நிறுத்தப்படப் போவது பெண்பிள்ளைகள் என்று டீச்சருக்குத் தெரியும்.

தங்கப்பழம் ஒரு வழி வைத்துவிட்டுப் போயிருந்தார். தெற்குச் சுவருக்கு வெள்ளையடித்து வைத்தால் ஒரு மறுதேர்வு வைக்கலாம். தேறிவிட்டால் இணைப்பு இல்லை.

வெள்ளையடிக்க ஊர்தான் கைகொடுக்க வேண்டும். ஊர் என்றால் ஊர்க்காவலன் அண்ணாச்சி. மாவு மில் வைத்திருப்பவர், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். எதையும் முறைப்படி செய்கிறவர். மில்லுக்கு பெல்ட் மாற்றுவதென்றால்கூட நல்ல நேரம் பார்த்துத் தேங்காய் உடைத்துத்தான் மாற்றுவார். "கவலய விடுங்க டீச்சர். கல்விச் சீர் எடுத்து ஊரையே வாசல்ல நிப்பாட்டுதேன்" என்றார். இப்போதெல்லாம் பல ஊர்களில் அப்படித்தான் செய்கிறார்கள். பள்ளிக்கு வேண்டியதைத் தாம்பாளத்தில் வைத்து மேளதாளத்தோடு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

சீர் கிளம்பியது. ஒரு தாம்பாளத்தில் சுண்ணாம்பு, ஒன்றில் நீலம், ஒன்றில் வெள்ளையடிக்கிற மட்டை, ஒன்றில் சாக்பீஸ் பெட்டி, பிறகு உலக உருண்டை, சுவர்க் கடிகாரம், வாளி, குடம் என்று வரிசையாக வந்தன. மாரியம்மன் கோயில் முக்கில் அண்ணாச்சி தட்டுகளை எண்ணிப் பார்த்தார். இரட்டைப்படையில் இருந்தது. சீர்த்தட்டு இரட்டைப்படையில் போகலாமா? நடுத்தெருவில் நிற்கிற மேளத்தை எவ்வளவு நேரம் நிறுத்தி வைப்பது? தம் அக்காள் மகள் சடங்குக்கு எடுத்து வைத்திருந்த பட்டுச்சேலையையும் வளையலையும் மஞ்சளையும் வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லி, ஒரு தட்டில் வைத்துத் தாமே தலையில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தார்.

வாசலில் நின்ற டீச்சர் அதைப் பார்த்துவிட்டார்.

"அண்ணாச்சி, அந்தத் தட்டு எதுக்கு?"

"ஒத்தப்படைக்கு டீச்சர்."

அதற்குள் நாகஸ்வரக்காரர் பட்டுச்சேலையைக் கண்டு சடங்குப் பாட்டுக்கு மாறிவிட்டார். பாட்டைக் கேட்டதும் பெண்கள் குலவை போட்டார்கள். குலவை போட்டபிறகு என்ன இருக்கிறது? நெட்டூரணி ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி பெரியமனுஷி ஆகிவிட்டது.

மாமன் முறைக்கு ஊர்க்காவலன் அண்ணாச்சி பச்சை ஓலை வெட்டிக் குச்சு கட்டினார். பள்ளி முழுவதும் உள்ளே உட்காரும்படியான குச்சு. சுற்று வட்டாரத்தில் பனைமரங்கள் எல்லாம் மொட்டையாகிவிட்டன. தினமும் காலையில் உளுந்தங்களி கிண்டிப் படிக்கட்டில் வைத்தார்கள், அஸ்திவாரத்தில் நல்லெண்ணெய் ஊற்றினார்கள். கட்டடமும் ஒரு சுற்றுப் பெருத்து, காறை உதிர்ந்த இடமெல்லாம் மூடி, பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. மறுதேர்வு நாளன்று தங்கப்பழம் வந்து குச்சைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"சடங்கா? சொல்லியிருந்தா மொய் கொண்டாந்திருப்பனே."

"மறுதேர்வு சார்..."

"சடங்கான பிள்ளைக்கு மறுதேர்வு ஏது டீச்சர்? இனிமே வரன்தான் பாக்கணும். நீங்க ஒண்ணும் அலைய வேண்டாம். பனையடைப்புக்காரங்களையே பாக்க வரச்சொல்லுதேன். இணைப்புங்கதும் அதான, கல்யாணங்கதும் அதான."

டீச்சர் ஓலைக் குச்சுக்குள் போய், தூணைக் கட்டிக்கொண்டு அழுதார். இருந்த ஒரே வழியும் அடைபட்டுப்போயிற்று. தோற்றுப்போய் அந்த ஊருக்கு நடந்து போவதற்குப் பதிலாக, பட்டுக்கட்டிக்கொண்டு நடந்து போகப் போகிறது. அவ்வளவுதானே வித்தியாசம்? ரோடு அதே ரோடுதான். ஊர்க்காவலன் அண்ணாச்சி வெளியே நின்று, "முறைப்படிதான டீச்சர் செஞ்சேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் அழுதுவிட்டார்.

மாப்பிள்ளை ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. மாடிக் கட்டடம். ஆய்வகம், சுற்றுச்சுவர், சைக்கிள் ஷெட் எல்லாம் உண்டு. சுங்கச்சாவடியில் அதைப் பேருந்துக் கணக்கில் சேர்ப்பதா லாரிக் கணக்கில் சேர்ப்பதா என்று ஒரு வாக்குவாதம் நடந்ததால் கொஞ்சம் தாமதம். உள்ளே பிளஸ் ஒன் பிள்ளைகள் ரெக்கார்டு எழுதிக்கொண்டே வந்தார்கள். தெருவுக்குள் நுழைய முடியாததால் கண்மாய்க் கரையோரம் வேப்பமரங்களுக்குக் கீழே மாப்பிள்ளையை உட்காரவைத்தார்கள். அதன் தலைமையாசிரியர் சிதம்பரநாதன் முன்னால் வந்து பாயில் சம்மணமிட்டார். பக்கத்தில் தங்கப்பழம். பஜ்ஜியும் காப்பியும் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குக் கொடுத்த பஜ்ஜியை ஆய்வகத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

"பொண்ணுக்கு என்ன தெரியும்?" என்றார் சிதம்பரநாதன்.

"தமிழ் நல்லா வரும். மூணு வரைக்கும் எண்ணும்" என்றார் டீச்சர். பொய் சொல்லிப் பெண் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"அது போதும். பாடுமா?"

நெட்டூரணிப் பள்ளி மணி அடித்துக் காட்டியது. முதலில் பிரேயர் மணி, பிறகு சாப்பாட்டு மணி, கடைசியில் வீட்டுக்குப் போகிற மணி. வீட்டுக்குப் போகிற மணியை அது அடித்த அழகில், மாடியிலிருந்த பிளஸ் ஒன் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்கள். மாப்பிள்ளையின் ஜன்னல்கள் எல்லாம் திறந்துகொண்டன.

"எங்களுக்குப் பிடிச்சிருக்கு. வைகாசி கழியதுக்குள்ள பொண்ண அனுப்பி வையுங்க" என்று சொல்லிவிட்டுச் சிதம்பரநாதன் எழுந்தார். தட்டை மாற்றிக்கொள்ள ஊர்க்காவலன் அண்ணாச்சி கையை நீட்டினார். நீட்டிய கையைச் சுயம்புக்கனி டீச்சர் பிடித்து நிறுத்தினார். அந்த நிமிஷம்வரை அப்படிச் சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது.

"எங்க பிள்ளைக்கு அண்ணன் தம்பி யாருமில்ல சார். ஒத்தப்பிள்ள. இந்த ஊர்ல வேற பள்ளிக்கூடமே கெடையாது. அத அனுப்பிட்டு நாங்க யார் மூஞ்சியில முழிக்க? வீட்டோட மாப்பிள்ளன்னாத்தான் குடுப்போம்."

ஊர்க்காவலன் அண்ணாச்சிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதான முறை! ஒத்தப்பிள்ளைய வெளிய குடுக்க முடியுமா? டீச்சர் சொல்லுததுதான் முறை!"

சிதம்பரநாதனுக்கு மூக்குமேல் கோபம் வந்தது. "ஒண்ணாப்புலருந்து பன்னெண்டாவது வரைக்கும் உள்ள பள்ளிக்கூடம், எட்டாவதோட நிக்க பள்ளிக்கூடத்து வீட்ல வந்து ஒக்காருமா? நாலு பேர் என்ன பேசுவாங்க? வாடே போவோம்" என்று மாப்பிள்ளையைப் பார்த்துச் சொன்னார்.

மாப்பிள்ளை எழவில்லை. வாத்தியார்கள் சுற்றுச்சுவரைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். பி.டி. சார் விசில் ஊதிப் பார்த்தார். அது வேப்ப நிழலில் இன்னும் கொஞ்சம் வசதியாகச் சாய்ந்துகொண்டது. பாவம், நான்குவழிச் சாலை வந்த நாளிலிருந்து லாரி ஹாரன் சத்தத்தில் ஒரு பீரியடாவது நிம்மதியாக நடந்திருக்குமா? இங்கே கண்மாய்க் காற்று வந்தது. எதிர்ப் பக்கத்தில் ஓலை மறைவில் அந்த மணி தொங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொள்ள, மாப்பிள்ளை தூங்கிவிட்டது.

எல்லோரும் தங்கப்பழத்தைப் பார்த்தார்கள். அவர் பஜ்ஜி எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். "இணைப்புன்னா இணைப்பு. எந்தப் பக்கம்னு அரசாங்கம் கேக்கல" என்றார்.

கல்யாணம் சிறப்பாக நடந்தது. தாலிக்கயிறு மூன்று வகுப்பறையையும் சுற்றி வர வேண்டியிருந்ததால் கிணற்றுக் கயிறாகவே வாங்கி மஞ்சளில் முக்கியெடுத்தார்கள். அடுத்த சித்திரைத் தேர்வில் மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார்கள். "டீச்சர், புருஷனப் பாத்து எழுதுது!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். "குடும்பத்துக்குள்ள ஆயிரம் இருக்கும். நீ ஒன் வேலையப் பாரு" என்றார் டீச்சர். நெட்டூரணிப் பள்ளி கணக்கில் தேறியது. இரண்டும் இரண்டும் நாலு என்று அது எழுதியிருந்ததைப் பார்த்து டீச்சருக்குக் கண் நிறைந்தது. மானியம் வந்தது. சுவருக்கு வெள்ளையும் கழிப்பறைக்குத் தண்ணீரும் கிடைத்தன.

டீச்சர் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் தினமும் காலையில் கொடிக்கம்பத்தின் அடியில் நின்று பார்த்தால், பனையடைப்புப் பிள்ளைகள் நான்குவழிச் சாலையின் அந்தப் பக்கம் வரிசையாக நிற்பது தெரிந்தது. பெரிய பிள்ளைகள் ஓடி வந்துவிடுவார்கள். சின்னஞ்சிறுசுகளைச் சிதம்பரநாதன் ஆளுக்கொரு விரலைப் பிடிக்கச் சொல்லிக் கூட்டிவந்தார். விரல் போதாத அன்றைக்குச் சட்டை நுனியையும் கொடுத்தார். கடைசிப் பிள்ளை இந்தப் பக்கம் கால் வைக்கும்வரை டீச்சர் மூச்சு விடமாட்டார். நம் பிள்ளைகளைக் காப்பாற்றப்போய் அந்தப் பிள்ளைகளை ரோட்டில் விட்டுவிட்டோமே என்று அவர் மனசு அறுத்தது. ஒருநாள் சிதம்பரநாதனிடம் அதைச் சொல்லியும்விட்டார். அவருக்குக் கோபமெல்லாம் போய்விட்டிருந்தது. "அதுக்கு மேல நா என்ன செய்ய டீச்சர்? எனக்கு இருக்கது பத்து வெரலு" என்றார்.

ஆடியில் நெட்டூரணிப் பள்ளி சத்துணவுச் சாம்பார் வாசனைக்கு முகத்தைச் சுளிக்க ஆரம்பித்தது. சாக்பீஸ்கள் காணாமல் போயின. டீச்சர் தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஊர்க்காவலன் அண்ணாச்சிக்கு ஆள் அனுப்பினார். ஐப்பசியில் வளைகாப்பு. ஜன்னல் கம்பிக்கெல்லாம் வளையல் மாட்டியதால், காற்றடித்தால் பாடம் நடத்த முடியவில்லை. பொங்கல் விடுமுறை முடிந்து திறக்கும்போது, வராண்டாவை ஒட்டி ஒரு சின்னப் பள்ளிக்கூடம் படுத்திருந்தது. ஒரே அறை. அம்மாவைப்போலத் தூணும் ஓட்டுக் கூரையும். அப்பாவைப்போல மாடிப்படி. படிதான் முளைத்திருந்தது, மாடி இன்னும் வரவில்லை.

மூன்றாம் மாதம் பேர் வைக்க வந்த ஊர்க்காவலன் அண்ணாச்சி முறையை எடுத்துச் சொன்னார். தகப்பன் இங்கேயே தங்கிவிட்டது. பனையடைப்பில் அதன் பூர்வீக இடம் காலியாகக் கிடக்கிறது. தலைப்பிள்ளைதான் போய் அதை ஆள வேண்டும். ஊர் சரி என்றது. தாய் மட்டும் அன்றைக்கு முழுவதும் மணி அடிக்காமல் இருந்தது. டீச்சர் அதன் தூணில் சாய்ந்துகொண்டு, "கூப்பிடுற தூரம்தான. கொடிக்கம்பத்துக்கிட்ட நின்னா தெரியும்" என்று சொன்னார்.

திங்கட்கிழமை காலையில் சுயம்புக்கனி டீச்சர் குட்டிப் பள்ளிக்கூடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நான்குவழிச் சாலைக்கு வந்தார். புழுதி படாமல் அதன் ஜன்னல் இரண்டையும் முந்தானையால் மூடியிருந்தார். லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. அந்தப் பக்கம் சிதம்பரநாதனும், அவருடைய விரல்களைப் பிடித்துக்கொண்டு ஒண்ணாப்புப் பிள்ளைகளும் நின்றார்கள். ரோட்டில் இறங்க வேண்டாம், அங்கேயே நில்லுங்கள் என்று டீச்சர் கையைக் காட்டினார். பிறகு அவர் இறங்கினார்.

காற்றாலை இறக்கை ஏற்றி வந்த ஒரு நீள வண்டி அவர் பக்கத்தில் வந்து நின்றது. பின்னால் வந்த எல்லா வண்டிகளும் நின்றன. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, டீச்சர் இடுப்பைப் பார்த்தார்.

"எத்தனாப்பு வரைக்கும் இருக்கு?"

"இப்பம் ஒண்ணாப்புதான். பல்லு மொளச்சதும் ரெண்டாப்பு வரும்."

"தலைய நல்லாப் பிடிங்க டீச்சர், ஓடு இன்னும் நிக்கல" என்று சொல்லிவிட்டு, டிரைவர் இன்ஜினை அணைத்தார்.